சோப்பு இல்லாத சோப்பு

டாக்டர் சீட்டில் ஒரு க்ரீம் எழுதினார். அதற்குக் கீழே ஒரு சோப்பின் பெயரையும் எழுதி அடிக்கோடு போட்டார். "இது சோப்பு இல்லாத சோப்பு. குளிக்க இதை மட்டும் போடுங்க. கடலை மாவு, பயத்த மாவு, மூலிகை, எதுவும் இப்போதைக்கு வேண்டாம்."

மகளுக்கு அப்போது நான்கு வயது. முழங்கை மடிப்பும் முழங்காலின் பின்பக்கமும் சிவந்து சொரசொரவென்று இருக்கும். தூக்கத்திலேயே சொறிவாள், காலையில் தலையணை உறையில் ரத்தப் புள்ளி இருக்கும். கரப்பான் என்று அம்மா பார்த்ததுமே சொல்லிவிட்டார். டாக்டரும் அதையேதான் எக்ஸிமா என்று வேறு பெயரில் சொன்னார்.

மெடிக்கலில் பையன் எடுத்துக் கொடுத்த கட்டி உள்ளங்கைக்குள் அடங்கியது. விலை, வீட்டில் போடும் சோப்பு நான்கு வாங்குகிற விலை. "அக்கா, இது சோப்பு இல்ல, சின்டெட் பார்" என்றான் அவனும். வீட்டுக்கு வந்ததும் அம்மா அதை மூக்கருகே கொண்டுபோய், "வாசமும் இல்ல, நுரையும் கம்மி. இதுல என்ன கண்ணு அழுக்குப் போகும்?" என்று கேட்டார்.

எனக்கும் அதே கேள்விதான். சோப்பு இல்லாத சோப்பு என்றால் பால் இல்லாத தயிர் மாதிரி அல்லவா? அட்டையைத் திருப்பினேன். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்துகள். மொபைலில் படம் எடுத்து, விரலால் பெரிதாக்கிப் படித்தேன். அன்று பிடித்த பழக்கம் இன்னும் விடவில்லை. உறவினர் வீட்டுக்குப் போனாலும் குளியலறையில் பத்து நிமிடம் கூடுதலாக ஆகிறது.

அந்தக் கட்டியின் பின்பக்கத்தில் முதல் பெயர் சோடியம் கோகோயில் ஐசெதியோனேட். வீட்டு சோப்பில் முதலில் இருந்தது சோடியம் பாமேட், அடுத்தது சோடியம் பாம் கெர்னலேட். டாக்டர் சொன்னதன் பொருள் அந்த முதல் வரியிலேயே இருக்கிறது.

எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் சேர்த்தால் கிடைப்பது சோப்பு. எண்ணெய்ப்பனையின் பாமாயில் போட்டால் பாமேட், அதன் கொட்டை எண்ணெய் போட்டால் பாம் கெர்னலேட், தேங்காய் எண்ணெய் போட்டால் கோகோயேட். கூடவே கிளிசரின் கிடைக்கும். இப்படிச் செய்த எந்த சோப்பும், கையால் காய்ச்சினாலும் சரி, ஆட்டுப்பால் ஊற்றினாலும் சரி, காரத்தன்மை உள்ளதுதான். அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவில் (7 நடுநிலை, கீழே அமிலம், மேலே காரம்) 9-க்கும் 10-க்கும் அக்கம்பக்கம் நிற்கும். நம் தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டிய லேசான அமிலம். நல்ல தோல் குளித்த கொஞ்ச நேரத்தில் தன் நிலைக்குத் திரும்பிவிடும். கரப்பான் வந்த தோல் ஏற்கனவே விரிசல் விட்ட சுவர். அதன்மேல் தினம் இரண்டு வேளை காரம் பட்டால் தாங்காது.

சின்டெட் என்பதும் தேங்காய் எண்ணெய் வழியாக வருவதுதான். ஆனால் காஸ்டிக் சோடாவோடு நேராகச் சேர்க்காமல் வேறு வழியில் செய்த கழுவுபொருள். தோலின் பிஎச்சுக்குப் பக்கத்திலேயே அதை வைக்க முடியும். ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் டவ் கட்டி 1957-லேயே இதை வைத்துத்தான் வந்தது. 'கோகோ' என்று ஆரம்பிக்கும் பெயர்களைப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "இதுவும் தேங்காய்தாம்மா" என்றேன். அம்மா முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்தது.

இந்த இடத்தில் வாட்ஸப்பில் சுற்றும் ஓர் அறிவுரையையும் சொல்லிவிட வேண்டும். 'டி.எஃப்.எம். 76-க்கு மேல் இருந்தால்தான் நல்ல சோப்பு' என்பது. சோப்புக்குள் எவ்வளவு கொழுப்புப் பொருள் இருக்கிறது என்பதன் அளவு அது. இந்தியத் தர விதிப்படி 76 சதவீதம் இருந்தால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். அதற்கும் கீழே 40 வரை இருந்தால் சோப்பு என்று போடக்கூடாது, 'பாத்திங் பார்' என்று போட வேண்டும். விலை மலிந்த கட்டியில் மாவையும் சுண்ணத்தையும் நிரப்பியிருக்கிறார்களா என்று பார்க்க இது சரியான அளவுகோல். மென்மையைப் பார்க்க அல்ல. 76 உள்ள முதல் தர சோப்பும் காரம்தான். சின்டெட் கட்டியில் சோப்பே குறைவு என்பதால் அதுவும் 'பாத்திங் பார்' வரிசையில்தான் வந்து உட்காரும். ஒரே பெயரில் மலிவுச் சரக்கும் மென்மையான சரக்கும். எது எது என்று முதல் மூன்று பெயர்களைப் படித்தால்தான் தெரியும்.

சரி, சோப்பை மாற்றியாயிற்று. மூன்று வாரத்தில் முழங்கை மடிப்பு ஆறியது. எனக்குத் திருப்தியில்லை. ஏனென்றால் கிராமத்துக்குப் போனபோதெல்லாம் பழைய சோப்பிலேயே அவள் சொறிவது குறைந்திருந்தது. அங்கே என்ன வித்தியாசம்? தண்ணீர்தான்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இரண்டு தொட்டி. ஒன்று நல்ல தண்ணீர், அதாவது சிறுவாணி அணையிலிருந்து வரும் குடிநீர். அது முறை வைத்து வரும்போது பிடித்துக்கொள்வது. மற்றது உப்புத் தண்ணீர், போர் போட்டு எடுப்பது. குடிக்கவும் சமைக்கவும் சிறுவாணி. குளியல், துணி, பாத்திரம் எல்லாம் உப்புத் தண்ணீர். பக்கெட் விளிம்பில் வெள்ளை வளையம், குழாய் வாயில் சுண்ணாம்பு, ஹீட்டர் காயில் ஓடு மாதிரி படிவு. இதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகிப்போனவர்கள் நாங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு காலித் தண்ணீர் பாட்டில்களை எடுத்தேன். ஒன்றில் பாதி சிறுவாணி, ஒன்றில் பாதி உப்புத் தண்ணீர். பழைய சோப்பைக் கத்தியால் சீவி, இரண்டிலும் ஒரே அளவு போட்டு மூடிக் குலுக்கினேன். சிறுவாணி பாட்டிலில் கழுத்துவரை நுரை. உப்புத் தண்ணீர் பாட்டிலில் மேலே ஒரு விரல் நுரை வந்தது, அதுவும் எண்ணி முடிப்பதற்குள் அடங்கியது. அடங்கியதும் பார்த்தால் தண்ணீர் முழுக்கத் திரிந்த பால். சின்னச் சின்ன வெள்ளைத் துணுக்குகள் மிதந்து, பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டன. விரலால் தேய்த்தால் மெழுகு மாதிரி வழுக்கியது. மகளுக்கு ஒரே குஷி. "அம்மா, பன்னீர்!" என்றாள்.

போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கரையாத பொருளாக்கிவிடுகின்றன. அதுதான் அந்தத் துணுக்கு. பக்கெட்டில் ஒட்டுவது தோலிலும் ஒட்டும், தலைமுடியிலும் ஒட்டும். நுரை வராததால் இன்னும் கொஞ்சம் சோப்பு தேய்ப்போம். தேய்க்கத் தேய்க்க இன்னும் கொஞ்சம் படியும். குழந்தையை 'நன்றாக' குளிப்பாட்டிய நாள்களில்தான் அதிகமாகச் சொறிந்தாள் என்பது அந்த பாட்டிலைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

பாட்டில்களைக் கழுவிவிட்டு, இதையே சின்டெட் கட்டியைச் சீவிப் போட்டுச் செய்தேன். இரண்டிலும் நுரை. திரியவில்லை. ஆக, டாக்டர் எழுதிக் கொடுத்தது எங்கள் வீட்டில் இரண்டு வேலை செய்திருக்கிறது. ஷாம்புகளில் டைசோடியம் இ.டி.டி.ஏ. என்று கடைசியில் ஒரு பெயர் இருக்கும். அதுவும் இந்தக் கால்சியத்தைக் கட்டிப்போடத்தான். பெயர் பயமுறுத்தும், எங்கள் ஊருக்கு அது வேண்டிய ஆள்.

அப்புறம் ஷாம்பு பக்கம் போனேன். அங்கே பெரிய வில்லன் யார் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பெயரைச் சொல்வார்கள்: சல்ஃபேட். இதில் இரண்டு பேர் இருக்கிறார்கள், பெயர் ஒரே மாதிரி இருப்பதால் குழப்பம். சோடியம் லாரில் சல்ஃபேட் உண்மையிலேயே முரடன். தோலை வேண்டுமென்றே எரிச்சலூட்டிப் பார்க்கும் ஆய்வுகளில் அளவுகோலாக வைப்பதே இதைத்தான். சோடியம் லாரெத் சல்ஃபேட் அதன் தம்பி. நடுவில் ஒரு சங்கிலி கோர்த்து மென்மையாக்கியது. கடையில் இருக்கும் ஷாம்புகளில் பெரும்பாலும் முதலில் தண்ணீர், அடுத்தது இந்தத் தம்பிதான். புற்றுநோய் வரும் என்று ஃபார்வேர்டு வருவதற்கு ஆதாரம் கிடையாது. உலர்ந்த தோலும், எளிதில் எரியும் தோலும் உள்ளவர்கள் அண்ணனைத் தவிர்ப்பது நல்லது. அவ்வளவுதான் விஷயம்.

'சல்ஃபேட் ஃப்ரீ' என்று பச்சை எழுத்தில் போட்ட ஒரு ஷாம்புவை ஆசையாக வாங்கினேன். தலை வைக்கோல் போர் ஆனது. பின்பக்கம் பார்த்தால் சல்ஃபேட் இல்லைதான், இரண்டாவது பெயர் ஓலெஃபின் சல்ஃபோனேட். அதுவும் எண்ணெயை அடியோடு வழித்தெடுக்கும் ரகம். குற்றம் என் பேரில்தான். முன்பக்கத்தைப் படித்து வாங்கினேன்.

இந்தப் பெயர்களில் ஒரு சின்ன ரகசியம் உண்டு. பாதிப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடும். கோகோ என்றால் தேங்காய். பாம் என்றால் பாமாயில். மிரிஸ்ட் என்றால் ஜாதிக்காயில் முதலில் கண்டுபிடித்தது. காப்ரில் என்றால் ஆடு! ஆட்டுப்பால் கொழுப்பில் இருப்பதால் லத்தீனில் ஆட்டின் பெயரை வைத்துவிட்டார்கள். இன்று காப்ரில் குளுக்கோசைடு என்று பாட்டிலில் இருந்தால் உள்ளே ஆடு இல்லை. தேங்காய், பனைக்கொட்டை எண்ணெயிலிருந்து எடுத்த கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த சரக்கு அது.

அந்தக் குளுக்கோசைடு வகையறாவும், கோகமிடோப்ரோபில் பீட்டெய்ன் என்று நாக்கைச் சுளுக்கும் ஒரு பெயரும்தான் மென்மையான ஃபேஸ் வாஷ், குழந்தை ஷாம்பு எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும். பீட்டெய்னின் குணம் எனக்குப் பிடித்திருக்கிறது. தனியாக நின்றால் சுமாரான கழுவல்தான். ஆனால் லாரெத் சல்ஃபேட்டோடு கூட்டுச் சேர்ந்தால் அதன் முரட்டுத்தனத்தைக் குறைத்துவிடும். கழுவுபொருளின் மூலக்கூறுகள் தண்ணீரில் கும்பல் கும்பலாகச் சேர்ந்து எண்ணெயை நடுவில் பிடித்துக்கொள்கின்றன. கும்பலில் சேராமல் தனியாக அலைபவைதான் தோலுக்குள் நுழைந்து வம்பு செய்பவை. பீட்டெய்ன் வந்து அலைபவற்றையும் கும்பலுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் ஒரே சல்ஃபேட் உள்ள இரண்டு ஷாம்புகளில் ஒன்று எரிக்கும், ஒன்று எரிக்காது. ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் பயனில்லை, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அதற்காக மென்மையானதெல்லாம் எல்லோருக்கும் ஒத்துவரும் என்றும் இல்லை. அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் ஆண்டுதோறும் 'இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று ஒன்றை அறிவிக்கும். 2004-இல் இந்தப் பீட்டெய்ன், 2017-இல் குளுக்கோசைடு. பலருக்கும் ஒன்றும் செய்யாது, சிலருக்கு அரிக்கும். என் தோழி ஒருத்திக்கு இயற்கைப் பொருள் என்று விற்ற ஃபேஸ் வாஷில்தான் கண் இமை வீங்கியது.

கெட்டித்தன்மையைப் பற்றி ஒரு வார்த்தை. ஷாம்பு கெட்டியாக இருந்தால் சத்து அதிகம் என்று நினைத்திருந்தேன். லாரெத் சல்ஃபேட் கரைசலில் சாதாரண உப்பைக் கொஞ்சம் போட்டாலே பாகு மாதிரி ஆகிவிடும். அளவு மீறினால் மறுபடி நீர்த்துப்போகும். பின்பக்கத்தில் சோடியம் குளோரைடு என்று இருப்பது நம் அஞ்சறைப்பெட்டி உப்புதான்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருநாள், "எங்க காலத்துல அரப்புதான், எங்களுக்கென்ன கரப்பானா வந்துச்சு?" என்றார். நியாயமான கேள்வி. கோபிசெட்டிபாளையம் பக்கம் என் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுத் திண்ணையில் அரப்பு இலை காயும். காய்ந்ததை உரலில் இடித்து, சலித்து, டப்பாவில் வைத்திருப்பார். சனிக்கிழமை எண்ணெய் வைத்துவிட்டு, பச்சைப் பொடியை வடிகஞ்சியில் குழைத்து உச்சியில் அப்புவார். கொழகொழவென்று நெற்றியில் வழியும். நுரை பேருக்குத்தான். ஆனால் எண்ணெய் போய்விடும், முடி கயிறு மாதிரி நிற்காமல் விழும்.

அரப்பு, சிகைக்காய், பூந்திக்கொட்டை மூன்றுக்கும் சபோனின் என்ற பொருள்தான் வேலை செய்கிறது. ஒரு முனை தண்ணீரைப் பிடிக்கும், மறுமுனை எண்ணெயைப் பிடிக்கும். பாட்டில்காரன் செய்வதும் அதே வேலைதான். சிகைக்காய் காரமும் இல்லை, லேசாகப் புளிப்புப் பக்கம். உப்புத் தண்ணீரிலும் சோப்பு மாதிரித் திரியாது. இதில் அம்மா ஜெயித்தார்.

ஆனால் இயற்கை என்றால் மென்மை என்று யாராவது சொன்னால், அவர்கள் தீபாவளி விடியலில் சிகைக்காய் கண்ணில் விழாமல் வளர்ந்தவர்கள் என்று அர்த்தம். மிளகாய்ப் பொடிக்கு அடுத்த எரிச்சல் அது. சபோனின் கண்ணுக்கு ஆகாது. குழந்தை ஷாம்புக்காரர்கள் 'கண் எரியாது' என்று போடுவது, பெரிய மூலக்கூறுகளாகத் தேர்ந்து கண்ணைக் கடிக்காமல் செய்ததால். அது கண்ணுக்கான உத்தரவாதம் மட்டும்தான். வாசனைத் திரவியம் அதிலும் இருக்கும், கரப்பான் தோலுக்கு அந்த வாசனைதான் முதல் எதிரி. வாசனை வேண்டாம் என்றால் 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று இருக்க வேண்டும். 'அன்சென்டட்' என்றால் மூல நாற்றத்தை மறைக்கவே ஒரு வாசனை போட்டிருக்கலாம்.

அரப்பு டப்பாவில் ஒரு வருடம் கெடாது. காரணம், தண்ணீர் இல்லை. அதையே கரைத்து ஒரு சொம்பில் வைத்தால் மறுநாள் புளித்த வாடை, மூன்றாம் நாள் பூஞ்சை. முக்கால்வாசி தண்ணீராக இருக்கும் ஷாம்பு ஈரக் குளியலறையில் மாதக்கணக்கில் நிற்க வேண்டுமானால் அதற்கு ஏதோ ஒரு காவல், அதாவது ப்ரிசர்வேடிவ், வேண்டும். பாரபென் என்ற பழைய காவல்காரர் மேல் பழி விழுந்ததும் பலரும் அவரை வெளியேற்றினார்கள். அந்த இடத்துக்கு வந்தவர்களில் ஒருவர் மெத்தில் ஐசோதையசோலினோன். அதுதான் ஊரெல்லாம் அரிப்பைக் கிளப்பியது. பூசி அப்படியே விடும் க்ரீம்களில் ஐரோப்பா அதைத் தடையே செய்துவிட்டது. பாரபெனை அதே அமெரிக்கச் சங்கம் 2019-இல் 'ஒவ்வாமை அல்லாத பொருள்' என்று அறிவித்தது. எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது சிரிப்பு வந்தது. 'ப்ரிசர்வேடிவ் ஃப்ரீ' என்று யாராவது வீட்டில் செய்த திரவ ஷாம்புவை விற்றால் நான் வாங்க மாட்டேன். பொடி என்றால் வாங்குவேன்.

முடிக்கு மட்டும் தனியாக ஒரு கூட்டம் இருக்கிறது. கழுவிய முடியில் எதிர்மின் தன்மை நிற்கும். நேர்மின் தன்மை உள்ள பொருள் வந்து அதன்மேல் படிந்தால் சிக்கு விழாது. அதில் ஒன்றின் பெயர் குவார் ஹைட்ராக்சிப்ரோபில்ட்ரைமோனியம் குளோரைடு. ஒரே மூச்சில் சொன்னால் பரிசு தரலாம். குவார் என்றால் நம் கொத்தவரங்காய். அதன் விதையிலிருந்து எடுக்கும் பிசினை மாற்றிச் செய்தது. உலகத்தில் அதிகம் விளைவது இந்தியாவில், அதிலும் ராஜஸ்தானில். மகள் தட்டில் ஒதுக்கி வைக்கும் காய் தலையில் மட்டும் தடையில்லாமல் ஏறிவிடுகிறது.

முன்பக்கத்தில் பாதாமும் தேனும் கற்றாழையும் படம் போட்டிருப்பதை என்ன செய்வது? அதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன், பெருங்காயக் கோடு என்று பெயர். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை அளவு இறங்கும் வரிசையில் போட வேண்டும், அதற்குக் கீழே உள்ளவற்றை எப்படியும் போடலாம் என்பது விதி. ஃபீனாக்சிஎத்தனால் என்ற காவல் பொருளை ஒரு சதவீதத்துக்கு மேல் போடக் கூடாது என்பது ஐரோப்பாவில் விதி. பொதுவாக எங்கும் அந்த அளவைத் தாண்டுவதில்லை. ஆகவே அந்தப் பெயர் எங்கே இருக்கிறதோ அங்கே மனதில் ஒரு கோடு போட்டுக்கொள்வேன். கோட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் சாம்பாரில் பெருங்காயம். பாதாம் அங்கேதான் இருக்கும். பெருங்காயம் மணக்கும், பசி ஆற்றாது. கிளிசரின் கோட்டுக்கு மேலே, முதல் நாலைந்து பெயருக்குள் இருந்தால் எனக்கு மகிழ்ச்சி. அது தண்ணீரைப் பிடித்து வைக்கும்.

பாக்கெட் ஷாம்புவில் இந்த வித்தை செல்லாது, அவ்வளவு பொடி எழுத்து. ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்துப் பெட்டிக்கடை வரை கொண்டுவந்த பெருமை கடலூர் சின்னி கிருஷ்ணனுக்கு உண்டு. அவர் மகன் 1983-இல் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தக் கடையில் சரம் சரமாகத் தொங்கியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தப் பாக்கெட்டின் பின்பக்கத்தை நான் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

இப்போது வீட்டு ஏற்பாடு இது. மகளுக்கு உடம்புக்கு அந்த வாசமில்லாத கட்டி, அதுவும் கை, கால், கழுத்து, அக்குள், இடுப்புக்கு மட்டும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் சீக்கிரம் குளியல், கடைசி இரண்டு சொம்பு மட்டும் சிறுவாணி. ஈரம் முழுக்கக் காய்வதற்குள் க்ரீம். தலைக்கு வாரம் இரண்டு முறை பீட்டெய்ன் சேர்ந்த ஷாம்பு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் தலைக்கு அரப்பு. டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான், அதுவும் அம்மா கையால்.

கரப்பான் போய்விட்டதா என்றால், இல்லை. போன மார்கழியில் முழங்கை மடிப்பு மறுபடி சிவந்தது, மருந்து க்ரீம் நாலு நாள் போட்டோம். அந்த நாலு நாளும் அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் காலையில் சிறுவாணிச் சொம்பை அவரே எடுத்து நீட்டி, "இந்தா, அம்மிணிக்கு ஊத்து. அடுத்த தடவை அந்தப் பாட்டில் ஆட்டுறதை எனக்கும் காட்டு" என்றார்.